ரசித்துப் படித்தால் தப்பா?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு ஷிப்ட் வேலை. பையில் ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்லாமல் ரயில் ஏற மாட்டேன். "கொசஸ்தலையாத்துல சாம்பல் ஓடுது, நீங்க வேற்று கிரகத்துக் கதை படிச்சிட்டிருக்கீங்களே மாமா" என்று என் அக்கா மகள் சூழலியல் புத்தகங்களாகக் கொண்டுவந்து அடுக்குகிறாள். எடுத்தால் பத்தாம் வகுப்பு நோட்ஸ் மாதிரி இருக்கிறது, இல்லாவிட்டால் மனசு கனத்துவிடுகிறது. இதையெல்லாம் சந்தோஷமாகப் படிக்க முடியுமா?
— வாசகர், பொன்னேரி

பதில்: முடியும். ஆனால் அந்த அடுக்கை மேலிருந்து தொடங்காதீர்கள். சூழல் புத்தகம் என்றாலே நெஞ்சில் குத்த வேண்டும் என்று யாரோ விதி செய்துவிட்டார்கள்.

பூச்சிமருந்துகளைப் பற்றி ரேச்சல் கார்சன் 1962-இல் எழுதிய 'மௌன வசந்தம்' எப்படித் தொடங்குகிறது தெரியுமா? பறவைக் குரலே கேட்காமல் போன ஒரு கற்பனை ஊரோடு. அப்படியோர் ஊர் இல்லை, ஆனால் அங்கே நடப்பது ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் நடந்ததுதான் என்று அவரே சொல்லிவிடுகிறார். உங்கள் வகையறாதான்!

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே கவரைப்பேட்டை ஒன்றுதான் நிறுத்தம். அதற்குள் தடித்த புத்தகத்தைப் பிரித்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். மா. கிருஷ்ணனின் கட்டுரை ஒன்று அந்தப் பயணத்துக்குச் சரியான அளவு. 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தி எழுதிய கை, அளவு தெரியும். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். கிருஷ்ணன் மிரட்டுவதுமில்லை, கெஞ்சுவதுமில்லை. ஒரு பறவையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

கதைகளையும் விட வேண்டாம். ஆங்கிலம் ஓடும் என்றால் உர்சுலா லெ குவினின் 'தி டிஸ்பொசெஸ்ட்' (1974) படியுங்கள். சொந்தச் சொத்தே இல்லாத ஒரு சமூகம் அதில் ஒரு நிலவில் குடியிருக்கிறது. (அவருடைய அப்பா மானுடவியலாளர். அதனாலோ என்னவோ, அவருக்கு ராக்கெட்டைவிடச் சோற்றுப் பங்கீடு முக்கியம்.)

முடித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய்வாருங்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை மீனவர்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். 'பாடு' என்று பெயர். தண்ணீருக்குப் பட்டா கிடையாது, முறை மட்டும்தான். அந்தச் சீட்டில் எல்லார் பெயரும் இராது, பரம்பரை உரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். லெ குவினின் நிலவிலும் இப்படிச் சந்துபொந்துகள் உண்டு. ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலிலிருந்து மீனும் இறாலும் உள்ளே வர வழியில்லை. முறை வந்தும் வலை காலியாகத் திரும்பும்.

இதைக் கரையில் நின்று ஒருவர் வாயால் கேட்டபின், அக்கா மகள் கொடுத்த புத்தகத்தில் 'முகத்துவாரம்' என்ற சொல் வரட்டும். நோட்ஸ் மாதிரி இருக்காது. விண்கலத்தில் காற்று தீர்ந்துகொண்டிருக்கிற அத்தியாயத்தில் வருமே, அந்தப் படபடப்பு வரும். அந்த உலகம் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா, அதனால்தான். மனசு கனத்தால் மூடிவைத்துவிட்டு சுஜாதாவின் ஜீனோவிடம் போங்கள். அது இயந்திர நாய்தான், கோபித்துக்கொள்ளாது.

பதிலுக்கு லெ குவினை அக்கா மகளிடம் கொடுத்துப் பாருங்கள். புத்தகம் திரும்பி வராது, இன்னொரு பிரதிக்குக் காசு எடுத்து வையுங்கள்.