சபைப் பிரிவுகள் புகட்டும் பாடம்



சென்ற உபோசத நாளில் இளைஞர் ஒருவர் நம்மை வினவினார்: "ஏசுநாதர் ஒருவரே, அவரைப் பின்பற்றுவோருக்குள் இத்தனை சபைகள் ஏன்?" நல்ல வினா. ஆயினும், பிறர் வீட்டு விரிசலைக் கண்டு நகைப்பதற்காக இதனை ஆராயலாகாது. நம் உற்றாரில் பலர் அம்மதத்தினரே. நம் வீட்டுச் சுவரைக் காத்துக்கொள்ளவே ஆராய்வோமாக.

கி.பி. 451-இல் கால்சிடோன் மாநாடு, கிறிஸ்துவுக்குத் தெய்வத் தன்மை, மனிதத் தன்மை என இரு தன்மைகள் உண்டென முடிவு செய்தது. எகிப்து, சிரியா முதலிய நாடுகளில் பலர் அதனை ஏற்காது பிரிந்தனர். பின்னர், ரோமாபுரிக்கும் கான்ஸ்டாண்டினோபிளுக்கும் பூசல் முற்றியது. போப்பின் அதிகாரம் எவ்வளவு, தூய ஆவி தந்தையிடமிருந்து மட்டும் புறப்படுகிறதா, மகனிடமிருந்துமா, திருவிருந்து அப்பம் புளித்த மாவினதா, புளியாததா என்பன வழக்குகள். 1054 ஜூலை 16-இல் ரோமாபுரித் தூதர் ஹம்பர்ட், ஹாகியா சோபியா ஆலயப் பீடத்தின்மேல் விலக்கு ஓலையை வைத்து வெளியேறினார். அவரை அனுப்பிய போப் அதற்கு முன்பே இறந்துவிட்டார்! ஓலையோ நிலைத்தது. அது இரு தரப்பாராலும் நீக்கப்பட்டது 1965 டிசம்பர் 7-இல். 911 ஆண்டுகள் கடந்தும் சபைகள் இன்னும் ஒன்றாகவில்லை.

1517-இல் பாவ மன்னிப்புச் சீட்டு விற்பனையை லூதர் எதிர்த்தார். அநீதியைக் கண்டித்தது குற்றமன்று. ஆனால் 1529-இல் லூதரும் ஸ்விங்கிலியும் மார்பர்க் நகரில் கூடி, பதினைந்து கூற்றுகளில் பதினான்கில் உடன்பட்டனர். எஞ்சிய ஒன்றின் ஒரு பகுதிக்காகப் பிரிந்தனர். பதினான்கு உடன்பாடுகளும் அவர்களைச் சேர்த்துவைக்கவில்லை.

தென்னாட்டுச் செய்தியும் ஒன்றுண்டு. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி ஒழிக என ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அவருடைய சபையை விட்டனர், சாதியை விடவில்லை.

நம் சங்கம் மட்டும் பிளவறியாததோ? அன்று. கோசம்பியில், கழுவும் கலத்தில் எஞ்சிய சிறிது நீரின் பொருட்டுப் பிக்குகள் இரு கட்சியாயினர். பகவன் புத்தர் சமாதானம் கூறியும் கேளாமையால், அவர்களை விட்டுக் கானகம் ஏகினார். அவர்களைத் திருத்தியவர் யார்? உபாசகர்களே! அன்னமும் வணக்கமும் நிறுத்தினர். பிக்குகள் பணிந்து ஒன்றாயினர். பிற்காலத்தில் அசோகரும், சங்கத்தைப் பிளப்பவர் வெள்ளாடை உடுத்து வெளியே வசிக்கவேண்டுமெனச் சாரநாத்தில் கல்லில் பொறித்தார்.

இதனை நாம் எழுதக் காரணமுண்டு. அண்மையில் சபையொன்றில், வந்தனையைப் பாலியில் ஓதுவதா, தமிழில் ஓதுவதா என்று தொடங்கிய சொல், முடிவில் "அவர் எந்தத் தெருவினர்?" என்பதில் வந்து நின்றது. எந்த நோய்க்கஞ்சி 1956-இல் டாக்டர் அம்பேத்கருடன் இலட்சக்கணக்கானோர் தம்மம் தழுவினரோ, அந்நோயே பாலிப் பாட்டின் உருவில் மீண்டும் வாயிலில் நிற்கிறது!

ஆலையில் நூல் அறுந்த கணமே பிணைப்போம். காலந்தாழ்த்தினால் நூல் சிக்கிப் பாழாகும். மனவேற்றுமையும் அத்தகையதே. அடுத்த உபோசதத்திற்குள், பேச்சற்றுப்போன ஒருவர் இல்லத்திற்குச் செல்லுங்கள்; அவருடன் அமர்ந்து உண்ணுங்கள்.

பயிற்சி வினாக்கள்:
1. மார்பர்க்கில் உடன்பட்டவை எத்தனை? அவை ஏன் பயன்படவில்லை?
2. கோசம்பி உபாசகர்கள் செய்ததை நம் சபையில் எங்ஙனம் செய்யலாம்?

பவது சப்ப மங்களம்.