ஒரு சென்ட்டுக்குப் பக்கம் எத்தனை அடி?

ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கம் மனை பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது சென்ட் கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதைச் சரிசதுரமாகக் கயிறு கட்டினால் ஒரு பக்கம் எத்தனை அடி? பரப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைக் கேட்கும் இந்தக் கேள்விதான் வர்க்கமூலம். பள்ளியில் நீள் வகுத்தல் முறையில் போட்டோம். இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்தது தவிர எனக்கு அதில் எதுவும் நினைவில்லை. மனையில் நின்றபடியே போட லேசான வழி ஒன்று இருக்கிறது.

முதலில், விடை எந்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் என்று பிடியுங்கள். இருபது இருபது 400. இருபத்தொன்று இருபத்தொன்று 441. நம் 435.6 இவற்றுக்கு இடையில், 441-ஐ ஒட்டி நிற்கிறது. அதனால் 21 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, 435.6-ஐ அந்த 21-ஆல் வகுங்கள். 20.743 வரும். நாம் வைத்தது கொஞ்சம் கூடுதல், அதனால் ஈவு கொஞ்சம் குறைந்துவிட்டது. உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 20.871. அதை அதனாலேயே பெருக்கினால் 435.6-க்கே வந்துவிடுகிறது. அதாவது 20 அடி பத்தரை அங்குலம். முதலில் வைத்த எண் ரொம்பத் தள்ளிப் போயிருந்தால், கிடைத்த விடையை வைத்து இன்னொரு முறை வகுத்துப் பாதியாக்குங்கள்.

மூன்று சென்ட், 1306.8 சதுர அடி, நீங்களே போட்டுப் பாருங்கள். 36-ல் தொடங்கினால் ஈவு 36.3, விடை 36.15 அடி.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பரப்பு இரட்டித்தால் பக்கமும் இரட்டிக்கும் என்று மனம் சொல்லும். இரண்டு சென்ட் சதுர மனைக்கு 42 அடி பக்கம் இருக்கும் என்று நானும் ஒருமுறை நடந்து அளந்து, மனையைக் குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போயிருக்கிறேன். உண்மையில் 29 அடி ஆறு அங்குலம்தான். 42 அடிக்கு நாலு சென்ட் வேண்டும்: வரிசைக்கு இரண்டாக இரண்டு வரிசை.

இதே கணக்கு அஸ்திவாரம் பறிக்கும்போது மூலைமட்டத்துக்கும் உதவும். கொத்தனார் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நூல் பிடிப்பார். 24-க்கு 36 அடி வீடென்றால் முழுக் குறுக்களவையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு பக்க வர்க்கங்களையும் கூட்டினால் குறுக்களவின் வர்க்கம்: 24-ன் வர்க்கம் 576, 36-ன் வர்க்கம் 1296, கூட்டினால் 1872. இதன் மூலம் 43-க்கும் 44-க்கும் நடுவில். 43-ஆல் வகுத்தால் 43.535, பாதியாக்கினால் 43.267. அதாவது 43 அடி மூன்று அங்குலம், கூடவே ஒன்றரை நூல் அளவு. இரண்டு மூலைவிட்டமும் இதே அளவு காட்டவேண்டும்.

வர்க்கமூலமே வேண்டாம் என்று, பழந்தமிழ்ச் சூத்திரம் என்ற பெயரில் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டு. 3, 4, 5-க்கும் 5, 12, 13-க்கும் அச்சாகப் பொருந்தும். அழகான சுருக்குவழிதான், ஆனால் எல்லா அளவுக்கும் ஒத்துவராது. மேலே சொன்ன வீட்டுக்கு அது 43.5 என்கிறது. கிட்டத்தட்ட மூன்று அங்குலம் கூடுதல். அந்த அளவுக்கு நூலை இழுத்தால் மூலை விரிந்துவிடும்.

இதே சூத்திரத்தை 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் வைத்துப் பாருங்கள். சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். மூலைக்கு மூலை, வர்க்கமூலப்படி 421 மீட்டர். சூத்திரப்படி 412. அதை நம்பிக் கயிறு வாங்கினால் எதிர்மூலைப் படிக்கட்டுக்கு ஒன்பது மீட்டர் முன்பே தண்ணீருக்குள் முடிந்துவிடும்.