எக்ஸ்பி திறந்தது, கணக்கைக் காணோம்

கேள்வி: ஐயா, பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருக்கிறேன். எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் அதில் இருக்கிறது. அந்த எக்ஸ்பியின் வட்டான .விடிஐ கோப்பை மட்டும் புது லேப்டாப்புக்கு நகலெடுத்து, புதிய மெஷின் உருவாக்கி இணைத்தேன். முதலில் நீலத்திரை. எதையோ மாற்றியதும் எக்ஸ்பி திறந்துவிட்டது, ஆனால் இரண்டு வருடக் கணக்கைக் காணவில்லை. செட்டிங்ஸ் கோப்பு தனியாக உண்டாமே, அது எங்கே இருக்கும்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: புது லேப்டாப்பில் அந்த மெஷினை உடனே நிறுத்துங்கள். பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்யவில்லை என்றால் கணக்கு அங்கேயே இருக்க வேண்டும்.

எப்போதோ ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் அன்றைய நிலையின் பதிவு, எடுத்திருப்பீர்கள். அதை எடுத்த பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் மூல .விடிஐ கோப்பைத் தொடுவதில்லை. புதிதாகச் சேர்வதெல்லாம் 'ஸ்னாப்ஷாட்ஸ்' கோப்புறையில் வேறு .விடிஐ கோப்புகளுக்குப் போய்விடும். மூலத்தை மட்டும் கொண்டுபோனதால் ஸ்னாப்ஷாட்டுக்கு முந்தைய எக்ஸ்பிதான் உங்களுக்குத் திறந்திருக்கிறது. இப்படித் தனியாகத் திறக்கும்போது அதில் புதிதாக எழுதப்படுவதால், அந்த நகலோடு ஸ்னாப்ஷாட் கோப்புகளை இனி இணைக்க முடியாது. அதை ஒதுக்கிவிடுங்கள்.

எந்த .விடிஐ எதைச் சார்ந்தது, வட்டு ஐடிஇ-யில் இருக்கிறதா சாட்டாவில் இருக்கிறதா, நினைவகம் எவ்வளவு என்பதெல்லாம் .விபாக்ஸ் என்ற சின்ன எக்ஸ்எம்எல் கோப்பில்தான் பதிவாகிறது. ஐடிஇ-யில் நிறுவிய எக்ஸ்பியைச் சாட்டாவில் மாட்டினால் டிரைவர் இல்லாமல் நீலத்திரை வரும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். என்னைக் கேட்டால், மெஷின் என்பதே அந்த .விபாக்ஸ் கோப்புதான்.

விண்டோஸில் அது சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்', மெஷினின் பெயர் என்ற வரிசையில் உள்ளே இருக்கும். தேடவே வேண்டாம்: விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் மெஷின்மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ இன் எக்ஸ்ப்ளோரர்' கொடுங்கள். இடத்தை மாற்றி வைத்திருந்தாலும் சரியான கோப்புறையே திறக்கும். கோப்பின் பின்னொட்டு தெரியவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் அதைக் காட்டச் சொல்லலாம்.

பலரைக் குழப்பும் இன்னொரு கோப்பும் உண்டு. உங்கள் பெயர்க் கோப்புறையிலேயே புள்ளியில் தொடங்கும் '.விர்ச்சுவல்பாக்ஸ்' கோப்புறைக்குள் விர்ச்சுவல்பாக்ஸ்.எக்ஸ்எம்எல் இருக்கும். எந்தெந்த மெஷின்கள் உள்ளன என்ற பொதுப் பட்டியல் அது. மேக்கில் பயனரின் 'லைப்ரரி' கோப்புறையிலும், லினக்ஸில் மறைந்திருக்கும் '.கான்ஃபிக்' கோப்புறையிலும் அதைப் பார்க்கலாம். இடமாற்றத்துக்கு அது தேவையில்லை. விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கு .விபாக்ஸின் இடத்தில் இருப்பது .விஎம்எக்ஸ்.

இனி வேலையைத் தொடங்கலாம். பழைய லேப்டாப்பில் எக்ஸ்பியை 'சேவ்' செய்யாமல் முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, முழுக் கோப்புறையையும் நகலெடுங்கள். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதியையும் பாருங்கள். வட்டு வேறு டிரைவில் இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். புது லேப்டாப்பில் முன்பு உருவாக்கிய மெஷினை நீக்குங்கள். மீடியா மேனேஜரிலும் அந்த .விடிஐ-யை நீக்குவது முக்கியம். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு வட்டுகள் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்காது. பிறகு 'மெஷின்' மெனுவில் 'ஆட்' கொடுத்து .விபாக்ஸ் கோப்பைக் காட்டுங்கள். புது லேப்டாப்பின் விர்ச்சுவல்பாக்ஸ் பழையதைவிடக் குறைந்த பதிப்பாக இருக்கக் கூடாது.

.விபாக்ஸைத் திறந்து பார்க்கலாம், கையால் திருத்தாதீர்கள். திருத்த வேண்டாம் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும்போது திருத்தினால் அது மேலெழுதிவிடும்.

கடைசியாகப் போட்ட கணக்குப் பதிவைப் புது லேப்டாப்பில் கண்ணால் பார்க்கும்வரை, பழைய லேப்டாப்பில் எதையும் அழிக்காதீர்கள்.