உழைப்பும் காத்திருப்பும்: தரவுத்தளப் பரிபாலனத்தில் ஒரு பாடம்

இலக்கியம் பயிலும் நமக்குத் தரவுத்தளச் சேவையகத்தோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவலாம். தேர்வின் முடிவும், நூலகத்தின் நூற்பட்டியும், வங்கியின் கணக்கும் இன்று அத்தகைய சேவையகங்களிலேயே உறைகின்றன. தரவுத்தளமாவது, செய்திகளை முறைப்பட அடுக்கி வைத்து, வேண்டியபொழுது எடுத்தளிக்கும் களஞ்சியம். அதனைப் பலர்க்கும் ஒருங்கே திறந்து வைக்கும் கணினியே சேவையகம். அது தளருங்கால் காப்பாளர் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

சேவையகம் தாமதிக்கின்றது என்னும் முறையீடு எழுந்தவுடன் முதற்கண் கேட்க வேண்டிய வினா ஒன்றே: அஃது உழைக்கின்றதா, காத்திருக்கின்றதா? வெளியிலிருந்து நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பரிகாரமோ வேறு வேறு.

உழைப்பால் நேரும் தாமதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பத்து இலட்சம் வரிகளுள்ள ஒரு பட்டியில் ஒரு பதிவெண்ணைத் தேடுவதாகக் கொள்க. அவ்வெண்ணுக்குச் சுட்டு அட்டவணை இல்லையாயின், சேவையகம் முதல்வரி தொடங்கி இறுதிவரை படிக்க நேரும். நூலின் ஈற்றிலுள்ள அகரவரிசையை இழந்தவன் ஏடுதோறும் புரட்டுவதை ஒக்கும் அது. அட்டவணை இருப்பின் சில படிகளிலேயே வேண்டிய வரி அகப்படும். சேவையகம் எவ்வழியே தேட எண்ணியுள்ளது என்பதை ‘எக்ஸ்பிளெய்ன்’ என்னும் கட்டளை காட்டிவிடும். ஆயினும் காணும் நெடுவரிசைக்கெல்லாம் அட்டவணை அமைத்தல் தகாது. புதுவரி சேருந்தோறும் அட்டவணைகளையும் திருத்த வேண்டுமாதலின், தேடல் விரையினும் எழுதுதல் தளரும்.

இனிக் காத்திருப்பு. ஒருவர் ஒரு வரியைத் திருத்தத் தொடங்கி, முடிக்காமலே இணைப்பைத் திறந்து வைத்திருந்தால், அவ்வரியின்மேல் இட்ட பூட்டு நீங்காது; அதே வரியைத் திருத்த வந்தோர் அனைவரும் வாயிலில் நிற்பர். அப்பொழுது செயலி சோம்பியிருக்கும். நினைவகத்தைப் பெருக்கினும் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’ என்றொரு பட்டி உண்டு. எவ்விணைப்பு யாது செய்கின்றது, எதற்காகக் காத்துள்ளது என்பவற்றை அஃது உரைக்கும். அதனை நோக்காது சேவையகத்தை அணைத்து மீண்டும் இயக்குவோர், நோயின் சான்றையும் உடனழித்துவிடுகின்றனர்.

நிற்க. காத்திருப்பைப் பழுதென்று மயங்கினால் விளையும் கேட்டிற்கு மெய்யான சான்று ஒன்றுண்டு. மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைக் காத்துவரும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று தரவுத்தளத்தின் சுமை மிகுந்தது. முதன்மைச் சேவையகத்தின் மாற்றங்களை உடனுக்குடன் பெற்றுவந்த துணைச் சேவையகம் பின்தங்கியது. அதற்கு வேண்டிய மாற்றக் குறிப்புகளை முதன்மைச் சேவையகம் அதற்குள் நீக்கிவிட்டமையால், அனைத்தையும் புதிதாகப் படியெடுக்க நேர்ந்தது. படியெடுக்கும் கட்டளையோ வாய்திறவாது நின்றது. முதன்மைச் சேவையகம் அனுப்பத் தொடங்கும்வரை அஃது அங்ஙனம் மௌனமாய்க் காத்திருத்தல் இயல்பே. இதனை அறியாத பணியாளர் பழுதென்று கருதி அமைப்புகளை மாற்றினர். இரவு நெடுநேரமாகியது. துணைச் சேவையகத்தில் எஞ்சிய கோப்புகளே தடையென்று எண்ணிய ஒருவர் அவற்றை அழிக்கக் கட்டளையிட்டார். அக்கட்டளை சென்றதோ முதன்மைச் சேவையகத்திற்கு! ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 கிகாபைட்டே.

காப்புப்பிரதி இல்லையோ எனின், இருப்பதாகவே அனைவரும் நம்பியிருந்தனர். தரவுத்தளம் 9.6 ஆம் பதிப்பாயிருக்க, பிரதியெடுக்கும் கருவி 9.2 ஆம் பதிப்பாயிருந்தமையால் அவ்வேலை நிகழவே இல்லை. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டன. வேறொரு காரியத்திற்காக ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு நிழற்பதிவே இறுதியில் உதவியது. சேவை மீள ஏறத்தாழ 18 மணி நேரமாயிற்று. இடைப்பட்ட நேரத்தில் எழுந்த சுமார் 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் மாய்ந்தன. நிறுவனத்தார் ஒன்றையும் மறையாது உலகறிய வெளியிட்டனர். கட்டளையிட்டவரைத் தூற்றாது, முறையின் குறைகளையே எடுத்துரைத்தனர். நாமும் இதனைக் கற்றறிவது அவர்தம் நேர்மையின் பயனே.

இவற்றால் நாம் பெறுவன மூன்று. மௌனத்தைக் கண்டவுடன் பழுதென்று துணியாது, அது உழைப்போ காத்திருப்போ எனத் தேர்ந்து தெளிதல் ஒன்று. அழிக்கும் கட்டளை இடுமுன், எச்சேவையகத்தில் நிற்கின்றோம் என்பதைப் பிறரொருவரும் சரிபார்க்கச் செய்தல் இரண்டு. காப்புப்பிரதியை அவ்வப்போது மீட்டுப் பார்த்துச் சோதித்தல் மூன்று. மீட்டுப் பாராத பிரதி காப்பாகாது. அது நம்பிக்கை மாத்திரமே.

ஏட்டுச் சுவடிகளைச் செல்லரிக்க விட்டு நாம் இழந்த நூல்கள் பல. சுவடி ஓலையாயினும் மின்னாயினும், காப்பவர் கண்ணுங் கருத்துமாய் இருந்தாலன்றி அது நில்லாது. நம்முள் நாளை இப்பணி ஏற்பார் பலர் இருப்பர். கையினும் முன்னே கண் செல்லுக என்பதே அவர்க்கு யாம் கூறுவது.