முந்தானை வராத புடவை

அன்புள்ள தம்பிக்கு,

இன்ஸ்டாகிராமை விட்டு விலக மூன்று முறை முயன்றும் முடியவில்லை, எனக்கு மனவுறுதி போதாது என்று எழுதியிருக்கிறாய். விலக நினைத்தது சரி. தோற்றதற்கு நீ சொல்லும் காரணம் தவறு. அந்தக் காரணத்தை நம்பிக்கொண்டிருக்கும் வரை நான்காவது முறையும் தோற்பாய், தோற்றதற்காக உன்னையே திட்டிக்கொள்வாய். முடிவே வைக்காமல் செய்யப்பட்ட ஒரு பொருளைத் தனி ஆளாக வெல்லப் பார்க்கிறாய். அதற்கு நாம்தான் ஒரு முடிவு வைக்க வேண்டும். அதையும் ஒருவர் மட்டும் நின்று வைக்க முடியாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் பொறுமையாகக் கேள்.

உன் தெருவிலிருந்தே தொடங்குகிறேன். ஆரணியிலும் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு பட்டுப் புடவை எப்படி முடிகிறது என்று உற்றுப் பார். கால் மிதிக்கிறது, நீள இழைகளான பாவு பிரிகிறது, நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடுகிறது, பலகை வந்து குறுக்கிழையான ஊடையை நெருக்குகிறது. ஓர் ஊடைக்குத் துணி வளர்வது மயிரிழை அளவுதான். ஆனாலும் வளர்ந்தது எங்கும் போய்விடுவதில்லை. நெய்பவரின் மடிக்கு முன்னால் மரத்தில் சுருண்டு நிற்கிறது. உடல் முடிந்து முந்தி வரும்போது தறியின் துளையட்டை மாறும், ஜரிகை கூடும், கை நிதானமாகும். முந்தி முடிந்தால் புடவை முடிந்தது. முதல் ஊடை விழும் முன்பே அது எங்கே முடியும் என்று நெய்பவருக்குத் தெரியும். பகலெல்லாம் குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்கு அந்த முடிவுதான் பிடிமானம். இத்தனை முழம் ஆயிற்று, இத்தனை முழம் பாக்கி என்று அவரால் சொல்ல முடிகிறது.

கைப்பேசியில் நீ பார்ப்பது முந்தானை வராத புடவை. ஒரு காலத்தில் இணையப் பக்கங்களுக்கும் அடிப்பகுதி இருந்தது. அங்கே நின்று, அடுத்த பக்கத்தை அழுத்தலாமா வேண்டாமா என்று ஒரு கணம் நினைக்க வேண்டியிருந்தது. 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே இழுக்க இழுக்கப் புதிது வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். ஒரு சொடுக்கு மிச்சமாகட்டும் என்று செய்தது அது. மனிதர்கள் நிறுத்த முடியாமல் தவிப்பதைக் கண்டபின் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு கணத்தைப் பிடுங்கிக்கொண்டது பெரிய இழப்பு. ‘போதும்’ என்று முடிவெடுக்கும் இடமே அதுதான். இடத்தை எடுத்துவிட்டு, நீ ஏன் முடிவெடுக்கவில்லை என்று உன்னைக் கேட்பது நியாயமா?

இது வெறும் ஊகமில்லை. ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ, லெனா சாங் என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 பேரின் கைப்பேசிப் பயன்பாட்டை அளந்து 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சமூக ஊடகத்தில் செலவாகும் நேரத்தில் 31 விழுக்காடு, செலவழிப்பவரே வேண்டாம் என்று நினைக்கும் நேரம் என்பது அவர்கள் கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. மீதி 69 விழுக்காட்டை மக்கள் விரும்பியே செலவிடுகிறார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். நண்பன் அனுப்பிய படம், ஊரில் இல்லாத அண்ணனின் குரல், பாட்டு, பாடம் எல்லாம் அந்த 69-இல் அடங்கும். நீ விலக வேண்டியது அந்த 31-இலிருந்து.

இங்கே ஒரு மறுப்பு வரும். படித்தவர்களே சொல்லும் மறுப்பு. திரை இளைஞர்களின் மனத்தைக் கெடுக்கிறது என்பதே மிகைப்படுத்தல் என்பார்கள். அவர்கள் கையிலும் சான்று இருக்கிறது. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி இருவரும் 2019-இல் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அந்த இளைஞர்களின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்கப்படக்கூடியது என்று கண்டார்கள். இதை நான் ஏற்கிறேன். கைப்பேசி தொட்டவர் எல்லாம் நோயாளி ஆகிறார் என்று உன்னைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் நோய் வந்தால்தான் இழப்பு என்று யார் சொன்னது? 2018-இல் அமெரிக்கத் தேர்தலுக்கு முன் ஓர் ஆய்வுக்காக நான்கு வாரம் பேஸ்புக்கை நிறுத்தச் சம்மதித்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருந்த நேரம் கூடியது, மனநிறைவு சற்றே உயர்ந்தது. நாட்டுச் செய்தி பற்றிய அறிவு குறைந்தது, அதுவும் உண்மை. செய்தித்தாளை விட்டுவிட்டு இதைச் செய்யாதே. ஆய்வு முடிந்து தடை நீங்கிய பிறகும் அவர்கள் முன்பு இருந்த அளவுக்குத் திரும்பவில்லை என்பதுதான் என் கவனத்தை இழுத்தது. நின்று பார்த்தவர்களுக்கு எது தேவை என்று தெரிந்துவிடுகிறது.

நம் ஊரில் எழும் மறுப்பு வேறு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, இன்ஸ்டாகிராமில் போட்டு, இடைத்தரகு இல்லாமல் புடவை விற்கும் வீடுகள் ஆரணியில் இருக்கின்றன. அதை விடச் சொல்வது அவர்கள் வயிற்றில் அடிப்பதாகாதா? ஆகும். அதனால் நான் அதைச் சொல்லவில்லை. கடை திறந்து கடை மூடுவதுபோல் ஊடகத்தைப் பயன்படுத்துகிறவர் அதற்கு முந்தானை வைத்துவிட்டார். விற்க உள்ளே போய், வேறு எதையோ பார்த்துக்கொண்டு நள்ளிரவில் வெளியே வருபவரிடம்தான் எனக்குப் பேச்சு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: மெதுவான வாழ்க்கை என்று வெளியூரிலிருந்து வந்து தறியைப் படம் பிடித்துப் புகழ்பவர்களோடு என்னைச் சேர்க்காதே. நெசவின் நிதானம் கூலியை உயர்த்திவிடவில்லை. முதுகு வலியும் பார்வை மங்கலும் அதில் உண்டு. தறியை விட்டுச் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. இயந்திரத்தையும் நான் பகைக்கவில்லை. தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி 1804 வாக்கில் பிரான்சில் பிறந்தது. அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. அதே துளையட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ், கணினிக்கு முன்னோடியான தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பெட்டியை உருவாக்கிய ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று, 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தது, அவர் வீட்டில் இருந்தது. உன் கைப்பேசிக்கும் உங்கள் வீட்டுத் தறிக்கும் உறவு உண்டு, தம்பி. 24,000 அட்டை கொண்ட அந்தப் படத்துக்கும் கடைசி அட்டை என்று ஒன்று இருந்தது.

இனி நீ தோற்ற இடத்துக்கு வருகிறேன். நீ விலகிய மூன்று முறையும் உன் வகுப்பு உள்ளேயே இருந்தது. பேச்செல்லாம் அங்கே நடக்க, நீ வெளியே நின்றாய். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டோ பர்ஸ்டினும் அவர் சகாக்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதையே சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். மற்றவர்கள் இருக்க நீ மட்டும் நான்கு வாரம் டிக்டாக்கை விட எவ்வளவு வேண்டும் என்றால் சராசரியாக 59 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர் கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்து விடுவதானால்? அதற்காகத் தாங்களே முறையே 28 டாலரும் 10 டாலரும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பணம் தந்தாலன்றி விட மாட்டேன் என்றவர்களே, கூட்டமாக வெளியேறப் பணம் கொடுக்கிறேன் என்கிறார்கள்! ஒவ்வொருவரும் அடுத்தவருக்காக உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். இதில் தனி ஒருவரின் உறுதி என்ன செய்யும்?

கைத்தறி இன்று வரை உயிரோடு இருப்பதும் தனி ஒருவரின் உறுதியால் அல்ல. தனித்தனியே நின்றால் விலை கிடைக்காது என்று தெரிந்துதான் நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்தார்கள். அந்தச் சங்கங்களின் தலைமைச் சங்கமாக 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது. விசைத்தறியின் வேகத்தோடு போட்டி போட முடியாது என்பதால் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. மீறல்கள் உண்டு, இருந்தும் அந்த எல்லை இருக்கிறது. காலையில் வெயில் ஏறும் முன் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடும்போது ஒரே ஆளால் முடிகிறதா? ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் அறுந்த இழையைத் தேட, இரண்டு மூன்று பேர் நீளமெங்கும் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வண்டி வந்தால் வண்டிதான் காத்திருக்கும்.

ஆகவே தனியாகச் சபதம் எடுக்காதே. உன் வகுப்பில் நான்கு பேரைச் சேர்த்துக்கொள். மாலை ஏழிலிருந்து எட்டரை என்று ஒரு நேரம் குறியுங்கள். ஐந்து பேரின் கைப்பேசியும் ஒரே நேரத்தில் ஒதுங்கட்டும், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கடன்பட்டவர் இல்லை. முதல் வாரம் அலுப்பாக இருக்கும், கை தானாகப் பையைத் தேடும். வீட்டில் புதுப் பாவு பிணைப்பவரைப் பார்த்திருப்பாய்: பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் புதியதன் நுனியோடு சேர்த்து, விரலால் முறுக்கி, ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றுவிடாமல் இணைக்கிறார். அது முடியும் வரை தறியில் ஓர் ஊடை கூட விழாது. அந்த நாளில் துணி வளரவில்லை என்று அவர் பதறுவதில்லை. உங்கள் முதல் வாரத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நான்கு பேர், எந்த நேரம் என்று முடிவானதும் எழுது. அஞ்சலட்டையில் நான்கு வரி போதும்.

அன்புடன்,
உன் அண்ணன்