மறையூர்ச் சந்தனமும் அயல்நாட்டு ஆசிரியரும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் மலைவழியில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்துள்ளது மறையூர். அங்குள்ள சந்தனக் காடு புகழ் பெற்றது. சந்தன மரம் தனித்துச் செழிப்பதில்லை. அதன் வேர்கள் மண்ணுக்கடியில் அருகிலுள்ள மரஞ்செடிகளின் வேர்களைப் பற்றி, நீரையும் சத்துகளையும் பெறுகின்றன. இளமரத்தில் மணமும் இல்லை. பல ஆண்டுகள் கழித்தே உள்ளே வைரம் பாய்கிறது. மணம் அந்த வைரத்தில்தான் உறைகிறது.

ஆங்கிலம் கற்பிக்க அயல்நாடு செல்லும் ஆசிரியருக்கு இம்மரம் இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது: சென்ற மண்ணோடு வேர் கலக்க வேண்டும், பயனுக்காகப் பொறுத்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் வாழ்ந்து காட்டியவர், ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர்.

1838இல் பிறந்த மில்லர், கிறித்தவ சமயப் பணிக்காக 1862இல் சென்னை வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. 1837இல் தொடங்கப்பெற்ற ஒரு பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதைப் படிப்படியாக உயர்த்தினார். 1877 முதல் அது சென்னைக் கிறித்தவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அங்கே அவர் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை வெறும் தேர்வுப் பாடமாக அவர் நடத்தவில்லை. மனித வாழ்வின் அறத்தை அவற்றின் வழியே ஆராயச் செய்தார். வெளியூர் மாணவர்கள் தங்கிப் படிக்க விடுதிகள் அமைத்தார். தம் சொந்தப் பொருளையும் கல்லூரிக்கே செலவிட்டார்.

ஆயினும் அவருக்கு ஒரு சோதனை இருந்தது. அவரை அனுப்பிய நாட்டில் பலர் எதிர்பார்த்தது மதமாற்றங்களை. கல்லூரியில் அத்தகைய கனி அரிதாகவே கிட்டியது. அப்படியாயின் இவ்வளவு உழைப்பும் வீணா என்ற கேள்வி எழுந்தது. சமுதாயத்தின் சிந்தனையைப் பண்படுத்துவதே கல்லூரியின் பணி, அதன் விளைவு மெல்லவே வெளிப்படும் என்பதே மில்லரின் உறுதியான கருத்து. எண்ணிக் காட்டக்கூடிய வெற்றி இன்றியே அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

விளைவு எப்படி வந்தது? அக்கல்லூரியில் பயின்றவர்களுள் ஒருவர் அளசிங்கப் பெருமாள். 1893இல் சுவாமி விவேகானந்தரைச் சிகாகோ சர்வ சமயப் பேரவைக்கு அனுப்ப வீடு வீடாகச் சென்று நிதி திரட்டிய அன்பர் அவரே. கல்லூரியை நிறுவியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க இயலாது. ஆசிரியர் விதைக்கிறார், எந்தக் கிளை எத்திசையில் தழைக்கும் என்பது அவர் கையில் இல்லை. ஆனால் விதைத்தது வீணாகவில்லை.

மில்லர் 1907இல்தான் இந்தியாவை விட்டுச் சென்றார். நாற்பத்தைந்து ஆண்டுகள் வேற்று மண்ணில் வேரூன்றிய வாழ்வு அது. அதற்கு முன்பே, 1901இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே சென்னையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 1923இல் அவர் தம் தாயகத்தில் மறைந்தார்.

இன்று நம் இளைஞர்கள் பலர் ஆசிரியர்களாக வெளிநாடு செல்கின்றனர். முதலாண்டில் தனிமை வருத்தும். மாணவர் முன்னேற்றம் கண்ணுக்குப் புலப்படாது. ஊதியம் மட்டுமே நோக்கமாயின் அந்த வெறுமை நீங்காது. தாம் கற்பிக்கும் மக்களின் பேச்சையும் வழக்கங்களையும் பணிவுடன் கற்கத் தொடங்கும்போது, ஆசிரியரே மாணவராகிறார்; அந்நியம் அகல்கிறது. பயனைத் தம் உடைமையாகக் கருதாதபோது மனநிறைவு தானே வந்தடைகிறது. வெளியே தெரியும் மரப்பட்டையில் மணம் இல்லை. ஆண்டுகள் உள்ளே சேர்த்த வைரத்தில்தான் இருக்கிறது.

சிந்தனைக்கு:

1. பணியிடத்தில் நாம் கொடுப்பவராக மட்டும் இருக்கிறோமா, பெறுபவராகவும் இருக்கிறோமா?

2. நாம் எதிர்பாராத வடிவில் பயன் வந்தால் அதை மகிழ்ந்து ஏற்க மனம் ஆயத்தமாக உள்ளதா?