ஆறு எழுத்தும் ஒன்பது எழுத்தும்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நாளிதழில் நீ திருத்திய மாவட்டப் பக்கத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். சுத்தமான பக்கம், ஒற்றுப்பிழைகூட இல்லை. ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. அமைச்சர் ‘பேசினார்’, ஆட்சியர் ‘ஆய்வு செய்தார்’, சாரம் சரிந்து இறந்த கட்டடத் தொழிலாளி மட்டும் ‘விழுந்தான்’. நிருபர் அப்படித்தான் அனுப்பியிருப்பார், தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதை யாரும் பிழை என்று சொன்னதில்லை. வசதியுள்ளவருக்கு ‘ஆர்’, கூலிக்காரருக்கு ‘ஆன்’ என்பது எங்களுக்கு இலக்கணம்போலப் பழகியிருந்தது. இந்தக் கடிதத்தில் உன்னை ‘நீ’ என்கிறேன். வயது கொடுத்த உரிமை. அச்சில் எனக்கு அந்த உரிமை கிடையாது.

டெஸ்க்கில் உனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சொல்லைப் போடும்முன் அது யார் பக்கம் நின்று பேசுகிறது என்று பார்.

‘கற்பழிப்பு’ என்று ஒரு சொல். ஆறு எழுத்து. ஒற்றைக் காலத் (column) தலைப்பில் கச்சிதமாக உட்காரும். எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒருநாள் இரவு என் தலைப்பை அடித்துவிட்டு, “சார், குற்றம் செஞ்சது அவன். அழிஞ்சது இவளோடதுன்னு போட்டிருக்கீங்க” என்றாள். ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதியிருந்தாள். ஒன்பது எழுத்து. “காலத்தில் அடங்காதும்மா” என்றேன். எழுத்தின் அளவை இரண்டு புள்ளி குறைத்து அடக்கிக் காட்டினாள். இத்தனை வருடம் இடம்தான் தடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அந்த மேசையில் அதுவரை பெண்களே இல்லை என்பதுதான் காரணம். சொல் மாறியது அகராதியால் அல்ல, நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்ததால்.

‘கௌரவக் கொலை’யும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழாக்கிக்கொண்டோம். கௌரவம் யாருடையது? வெட்டியவருடையது. கொலைகாரர் சொல்லும் காரணத்தையே கொலைக்குப் பெயராக வைத்துவிட்டோம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணம் செய்த சங்கர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்ட காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. அதைப் பார்த்த பிறகு ‘கௌரவம்’ என்று தட்டச்சு செய்ய என் கை கூசியது. ‘ஆணவக் கொலை’ என்று இயக்கக்காரர்கள் சொல்லிவந்ததை நாங்களும் எடுத்துக்கொண்டோம். சமயத்தில் நம் தொழில் மேடைக்கும் துண்டறிக்கைக்கும் பின்னால்தான் நடக்கிறது, ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

‘கள்ளக்காதல்’ மட்டும் இன்னும் சாகவில்லை. திருமணம் கடந்த உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. நீதிமன்றம் கைவிட்ட வழக்கை நாம் தலைப்பில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். விற்கிறது, வேறென்ன.

இதனால் புதுச்சொல் எல்லாமே நல்லது என்று எண்ணிவிடாதே. ‘துப்புரவுப் பணியாளர்’ அரசுத் தாளில் ‘தூய்மைப் பணியாளர்’ ஆனார். நல்ல மாற்றம்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் 2025 ஆகஸ்டில், குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள் என்று சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் அவர்கள் இராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து கைது செய்து அப்புறப்படுத்தியது. பெயரில் மரியாதை ஏறியிருக்கிறதே என்று நீ அங்கே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பெயர் யாருடையதோ அவரைக் கேட்பதே வழி. அங்கும் ஒரே பதில் கிடைக்காது. ஒடுக்கப்பட்ட சமூகத்தின் மூன்று தலைவர்களைப் பார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். வசவாக வீசப்பட்டதைத் தலை நிமிர்ந்து தானே எடுத்துச் சூட்டிக்கொண்டார். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் போராடி, அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்று எழுதவைத்தார். மூவரும் ஒரே காயத்தைத்தான் பேசினார்கள், மருந்து மட்டும் வேறு வேறு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தங்கள் பெயரைத் தாங்களே முடிவு செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஸ்டைல் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று உன் மூத்தவர்கள் சொல்வார்கள். என் காலத்துப் புத்தகத்தில் ‘கற்பழிப்பு’ இருந்தது.

உன் பக்கத்துக்கே வருகிறேன். அந்தச் செய்தியில் ஆட்சியரின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்தவருக்குப் பெயரே இல்லை, ‘வடமாநிலத் தொழிலாளி’ என்று முடித்திருந்தாய். நாளைக்கு வேலைக்குப் போனதும் அந்த நிருபரைக் கூப்பிடு. இறந்தவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டு வாங்கி, ஒரு பத்தியாவது போடு.